ஓரத்தில் நின்ற மாமனும் இருபத்தெட்டில் தொடங்கும் லென்சும்

ஒரு தாய்மாமனின் வயிற்றுக்காக நான் மூன்று ஊர் சுற்றினேன். வயிறு அவருடையது, அலைச்சல் என்னுடையது.

எனக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் துடியலூர். கல்யாண போட்டோ எடுப்பது தொழில். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, செல்போனில் வீடியோ பார்த்து, கெடுத்து, திருத்தி, மறுபடி கெடுத்துப் பழகியது. ‘போட்டோக்கார அம்மிணி’ என்றால் எங்கள் பக்கத்தில் என் வீட்டுச் சந்து எது என்று காட்டுவார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு விலகினாலே எனக்கு வெளிநாடு வந்துவிட்ட மாதிரி இருக்கும். காந்திபுரம் அண்டை நாடு. ஈரோடு, விசா வாங்கிக்கொண்டு போகவேண்டிய ஊர்.

நடந்தது இதுதான். தொண்டாமுத்தூர் சரசக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். கடைசியில் எல்லோரையும் நிற்கவைத்துக் குடும்பப் படம் எடுத்தேன். மண்டபம் சின்னது, கூட்டம் பெரியது. பின்னால் போக இடமில்லாமல், கேமராவோடு வந்த லென்சை அதன் கடைசி அகலத்துக்கு, அதாவது இருபத்துநான்கு மில்லிமீட்டருக்குத் திருகி எடுத்துவிட்டேன். எண் குறையக் குறைய அகலம் கூடும். அந்த அகலத்தில் ஒரு சங்கடம் உண்டு. நடுவில் நிற்பவரை லென்ஸ் உள்ளபடி காட்டும். ஓரத்தில் நிற்பவரை வெளிப்பக்கமாகப் பிடித்து இழுத்துவிடும், பரோட்டா மாவு மாதிரி. ஓரத்தில் நின்றது சரசக்காவின் அண்ணன் நாச்சிமுத்து. பெண்ணுக்குத் தாய்மாமன்.

படம் குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போனது. யாரோ ஒரு மாப்பிள்ளை முறைக்காரர் அதன் கீழே, “மாமா, லோடு எச்சாயிருச்சுங்களா?” என்று எழுதி, லாரிப் படம் ஒன்றும் போட்டுவிட்டார்.

சாதாரணக் குடும்பமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் இந்த அண்ணனும் தங்கையும் தோட்டம் பாகம் பிரித்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, நிச்சயதார்த்தத்தில்தான் ஒன்று சேர்ந்திருந்தார்கள். ‘வேணும்னே ஓரத்துல நிறுத்தி, வேணும்னே குண்டாக்கி, ஊருக்கே அனுப்பிப்போட்டாங்க’ என்று மாமன் முடிவு கட்டிவிட்டார். கல்யாணத்துக்கு வருவாராம், சீர் செய்வாராம், போட்டோவில் மட்டும் நிற்கமாட்டாராம்.

சரசக்கா எனக்குப் போன் செய்து அழுதார். “ஆல்பத்துல எங்கண்ணன் இல்லீன்னா, பாக்கற ஒறம்பரையெல்லாம் என்ன கேக்கும் தனம்? ‘மறுக்காவும் சண்டையா’ன்னு கேக்கும். ஒண்ணு லென்ச மாத்து, இல்ல ஆள மாத்தோணும்.”

“ஆருங்க்கா, மாமனவா?”

“உன்னையத்தான்.”

அப்படித்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

முதல் நாள் காந்திபுரம். கார் ஓட்ட என் வீட்டுக்காரர் சிவகுமார் வந்தார். பம்ப்செட் பட்டறையில் வேலை. லென்சைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது உருண்டையாக இருக்கும் என்பது மட்டும். கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் என்னைத் தாண்டி அவருக்கு நாற்காலி போட்டார்.

“வாங்க சார், என்ன மாதிரி பாக்கறீங்க?”

“இருபத்துநாலு எழுபது, ரெண்டு புள்ளி எட்டு,” என்றேன் நான்.

“சாருக்கு இருபத்துநாலு எழுபது எடுடா,” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

தொழில்காரர்கள் எல்லோரும் வாங்கும் லென்ஸ் அது. அகலமும் உண்டு, கிட்டக் கொண்டுவருவதும் உண்டு. எங்கே திருகினாலும் வெளிச்சம் குறையாது. மண்டபத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டு மீதிக்குக் கலர் காகிதம் ஒட்டும் ஊரில் அது பெரிய உபகாரம். கடைக்காரர் அதைப் பிறந்த குழந்தை மாதிரி வீட்டுக்காரர் கையில் வைத்தார்.

“இதுல ஃபோகசுக்கு நாலு மோட்டாருங்க சார்.”

அவ்வளவுதான். வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மோட்டாரா? இதுக்குள்ளயுங்களா? சூடாகாதுங்களா? காயில் கட்டறது எங்கீங்க?” அரை மணி நேரம் இரண்டு பேரும் மோட்டார் பேசினார்கள். நான் கண்ணாடி அலமாரியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இது பனி, மழை, பாலைவனம் எல்லாம் தாங்குங்க சார்,” என்றார் கடைக்காரர் கடைசியில்.

“பன்னீர்ச் செம்பு தாங்குமுங்களா?” என்று கேட்டேன். வாசலில் நிற்கும் பெண்கள் பாதிப் பன்னீரை விருந்தாளிக்கும் மீதியைக் கேமராவுக்கும் தெளிப்பார்கள். மஞ்சள் அரிசி வேறு திருகும் வளையத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரருக்குப் பாலைவனம்தான் தெரிந்திருந்தது.

நான் வீட்டுக்காரரைக் கடையின் ஓரத்தில், கதவுப் பக்கம் நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். மனுஷன் ஒன்றரை ஆளாக இருந்தார். அதைவிட விலை கூடின லென்சில் எடுத்தேன். அதே ஒன்றரை ஆள், இன்னும் துல்லியமாக. சட்டைப் பொத்தான் தெறிக்கப்போவது நன்றாகத் தெரிந்தது.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “லென்சு சுத்தமுங்க. சாருக்கு ஒடம்பு வாகு அப்படிங்க.”

அதற்குப் பிறகு வீட்டுக்காரருக்கு அந்தக் கடையில் ஒரு மோட்டாரும் பிடிக்கவில்லை. ஒரு நாள் சோதித்துப் பார்த்துத் தருவதாகச் சொல்லி, என் பழைய கேமரா ஒன்றைப் பிணை வைத்து, முதல் லென்சைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பக்கத்துப் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும். அப்புறம் தள்ளுவண்டியில் காளான் சாப்பிட்டோம். கோயம்புத்தூர்க் காளானில் காளானைத் தேடுகிறவர் வெளியூர்க்காரர். அது பெரும்பாலும் முட்டைக்கோஸ். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. வண்டிக்காரரும், “மேல சிப்ஸ் நொறுக்கிப் போட்டரலாமுங்களா?” என்று கேட்டது வீட்டுக்காரரைத்தான்.

இரவு சாப்பாட்டுக்கு முன்னால் வீடியோக்கள் பார்த்தேன். உலகத்தில் லென்ஸ் விமர்சிக்கும் ஆண்கள் எல்லோரும் செங்கல் சுவரைப் படம் எடுக்கிறார்கள். பிறகு சுவரின் மூலையைப் பெரிதாக்கி, ‘இங்கே பாருங்கள், கூர்மை குறைகிறது’ என்று துக்கப்படுகிறார்கள். எங்கள் பக்கம் இன்னும் யாரும் செங்கல் சுவருக்குக் கல்யாணம் பண்ணவில்லை. மூலையில் நிற்கும் சம்பந்தி பருமனாகிறாரா என்று ஒரு மனுஷரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் தொண்டாமுத்தூர். மாமனையே புது லென்சில் எடுத்துக் காட்டிவிடுவது என்று திட்டம். ஊருக்கு முன்னாலேயே கார் நின்றுவிட்டது. வழியில் பத்து வண்டி, ஒரு டவுன் பஸ். ஒற்றை யானை வாழைத்தோட்டத்தில் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வரப்பில் வரிசையாக நின்றார்கள்.

என் கையில் கேமராவைப் பார்த்ததும் கண்டக்டர் வந்தார். “ஏனுங்க அம்மிணி, இது எவ்வளவு தூரம் இழுக்குமுங்க?”

நம் ஊரில் லென்சைப் பற்றி இருக்கும் ஒரே கேள்வி இது. எதை வைத்திருந்தாலும், எவ்வளவு தூரம் இழுக்கும். நான் எடுத்துக் காட்டினேன். எழுபதில் யானை, வாழை இலைக்கு நடுவே கருப்பாக ஒரு எருமைக் கன்று மாதிரி இருந்தது.

“இவ்வளவுதானுங்களா? எம்பட போனே இதைய விட இழுக்குதுங்களே,” என்றார் அவர், என்மேல் இரக்கப்பட்டு. பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, “பாவம், ஏமாத்திப்போட்டாங்களாட்ட இருக்குது” என்று பக்கத்து ஆளிடம் சொன்னது கேட்டது. வனத்துறைக்காரர்கள் பட்டாசு போட்டதும் யானை அவசரமே இல்லாமல் கிளம்பியது. வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள்தான் அவசரமாகக் கிளம்பி, ஒருவர் பம்பரில் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். எங்கள் காரின் பின்விளக்கு போயிற்று. இடித்தவர் இறங்கி வந்து, “நெம்பப் பட்டுருச்சுங்களா?” என்று காரைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நாச்சிமுத்து மாமன் தென்னந்தோப்பில் இருந்தார். “வாங்க அம்மிணி, வாங்க மாப்ள, உக்காருங்க. எளநி வெட்டச் சொல்றேனுங்க. தண்ணிக்காயுங்களா, வழுக்கையுங்களா? கோபமெல்லாம் ஒண்ணுமில்லீங்க.” நாங்கள் கோபத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் ‘ங்க’ வழக்கத்துக்கு மேல் கூடினால் உள்ளே கொதிக்கிறது என்று அர்த்தம். மாமனிடம் அன்றைக்குத் தென்னை மரங்களை விட ‘ங்க’ அதிகம் இருந்தது.

செல்போனை எடுத்து நிச்சயதார்த்தப் படத்தைக் காட்டினார். “இது ஆருங்க அம்மிணி? நானுங்களா, தவுட்டு மூட்டைங்களா?”

“ஓரத்துல நின்னா அப்படித்தானுங்க மாமா விழுகும். லென்சோட கொணம்.”

“அப்ப என்னைய ஓரத்துல நிறுத்துனது ஆருங்க?”

நான் யாரையும் எங்கேயும் நிறுத்தவில்லை, அவர்களே நின்றார்கள். பேச்சை மாற்ற, மாமனைத் தனியாக மரத்தடியில் நிறுத்தி, எழுபதில் ஒரு படம் எடுத்தேன். பின்னால் தோப்பு மங்கலாகக் கரைந்து, மாமன் தேர்தல் சுவரொட்டியில் வருகிறவர் மாதிரி கம்பீரமாக நின்றார். மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. அவர் கேமராவைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“தனியா நின்னா நல்லாத்தானுங்க இருக்கறேன்,” என்றார். “சொந்தபந்தத்தோட நின்னாத்தான் அசிங்கமாயிடறேன். அப்ப தனியாவே நின்னுக்கறேனுங்க.”

இளநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். காரில் வரும்போது வீட்டுக்காரர் சொன்னார்: “லென்சு வேலை செய்யுது அம்மிணி. வேலை செஞ்சதுதான் தப்பாப் போச்சு.”

காந்திபுரத்தில் லென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் ஈரோட்டுக்கு ரயில் ஏறினோம். கல்யாண மண்டபம் அங்கேதான்; மாப்பிள்ளை வீடு மஞ்சள் வியாபாரம். அங்கே ஒரு கடையில் இருபத்தெட்டில் தொடங்கும் லென்ஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்; அதையும் மண்டபத்தையும் பார்த்துவிடுவதாக ஏற்பாடு.

எதிர் இருக்கையில் இருந்த பெண், மடியில் நான் அணைத்திருந்த பையைப் பார்த்து, “டிபனுங்களா?” என்றார். கேமரா என்றேன். “அப்ப டிபன் கொண்டு வரலீங்களா?” என்று தன் தூக்கைத் திறந்து, இடியாப்பம் மாதிரியான சந்தகையும் தேங்காய்ப்பாலும் தட்டில் வைத்து நீட்டினார். ரயில் ஆட்டத்தில் தேங்காய்ப்பால் சிந்தாமல் சாப்பிடும் வித்தை அவருக்குத்தான் தெரிந்திருந்தது. என் சேலை முந்தானை நனைந்தது.

திருப்பூரில் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார். கடையில் சில்லறை இல்லையாம். ரயிலுக்குச் சில்லறையைப் பற்றிக் கவலையில்லை, கிளம்பிவிட்டது. பிளாட்பாரத்தில் அவர் கொஞ்ச தூரம் ஓடி வந்து, பிறகு மரியாதையாக நின்று, கை காட்டி வழியனுப்பினார். சந்தகைக்காரப் பெண் சொன்னார்: “அடுத்த வண்டிக்கு வந்துருவாருங்க. எங்கூட்டுக்காரர ஒருக்கா சேலத்துல உட்டுப்போட்டு வந்தனுங்க. அவரா வந்துட்டாரு.”

ஈரோட்டில் இறங்கினால் காற்றிலேயே மஞ்சள். எங்கள் ஊர்க்காற்றில் பட்டறை வாசனைதான். ஒரு மெஸ்ஸில் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டேன். காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தேங்காய்ச் சில்லோடு வறுத்தது. காரம் எங்கள் வீட்டைவிட இரண்டு மடங்கு. பரிமாறியவரின் பணிவு மூன்று மடங்கு. “கண்ணுல தண்ணி வருதுங்களே, இன்னும் ரெண்டு துண்டு போடட்டுங்களா?”

லென்ஸ் கடைக்காரர் என்னை உட்காரவைத்து, விசிறியைத் திருப்பிவிட்டு, டீ வரவழைத்துவிட்டு, எதையும் எடுத்துக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

“லென்சுங்க?”

“சார் வந்துரட்டுங்க.”

“எந்தச் சாருங்க?”

“நேத்துப் போன்ல சொன்னீங்களே, நாங்க ரெண்டு பேரும் வாரோம்னு.”

“அவரு திருப்பூர்ல நிக்கறாருங்க.”

“பரவால்லீங்க, வந்துரட்டுங்க.”

நான் எழுந்து, மேசைக்கு அந்தப்பக்கம் போய், பெட்டியை நானே எடுத்து, நானே பிரித்தேன். கடைக்காரர் தடுக்கவில்லை. “பாத்துங்க, பாத்துங்க” என்று பாசமாகச் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். கையடக்கமான லென்ஸ். இருபத்தெட்டில் தொடங்கி எழுபத்தைந்தில் முடிவது. வெளிச்சம் அதே ரெண்டு புள்ளி எட்டு. காந்திபுரத்து லென்சை விட நன்றாக லேசு. ஓரத்தில் இழுப்பது இதிலும் உண்டு, கொஞ்சம் குறைச்சல். மண்டபத்தில் எடுத்துப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு நடந்தேன். “சாருகிட்டக் கேட்டுக்கறேனுங்க,” என்றார் அவர், வாசல் வரை வந்து.

மண்டபத்தில் அன்றைக்கு வேறு யாருடையதோ கல்யாணம். முகூர்த்தம் முடிந்து மேடையில் குடும்பப் படம். எடுப்பவர் வேறொருவர் என்பதால் முதல் முறையாக நான் கேமராவுக்குப் பின்னால் இல்லாமல், சும்மா நின்று கூட்டத்தைப் பார்த்தேன்.

வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் மேடை ஏறியதும் நடுவில் இடம் விட்டார்கள். அவர் போய் நின்றார். அடுத்து இன்னொருவர் ஏறினார். “வாங்க வாங்க, நீங்க இங்க வாங்க.” “அட நீங்க நில்லுங்க.” “அதெப்படீங்க, நீங்க இருக்கறப்ப.” முதல் பெரியவர் ஒரு அடி நகர்ந்தார். மூன்றாவது ஆள் வந்தார். மறுபடி ஒரு அடி. இப்படியே, வருகிற ஒவ்வொருவருக்கும் நடுவை விட்டுக் கொடுத்து, குடும்பத்திலேயே மரியாதைக்குரியவர் நகர்ந்து நகர்ந்து கடைசியில் சீரியல் விளக்குக் கம்பத்தை ஒட்டிப் போய் நின்றார். நடுவில் யார் நின்றது தெரியுமா? மைக்செட்டுக்காரர். ஒயர் எடுக்க வந்தவரையும் உபசரித்து நிறுத்திவிட்டார்கள்.

நான் தனியாக நின்று சிரித்தேன். நாச்சிமுத்து மாமனை ஓரத்தில் நிறுத்தியது யார் என்று தெரிந்துவிட்டது. நாச்சிமுத்து மாமன்தான். இந்த லென்சுகளைச் செய்கிற தேசத்தில் பெரிய மனுஷன் நடுவில் போய் அசையாமல் நிற்பான் போலிருக்கிறது. நம் ஊரில் மரியாதை ஆளை ஓரத்துக்குத் தள்ளுகிறது. ஓரத்தில் லென்ஸ் காத்திருக்கிறது. இதற்கு எந்தக் கம்பெனியும் கண்ணாடி கடைந்து தரப்போவதில்லை. ஒரே மருந்து, நான் பின்னால் போகவேண்டும். ஐம்பதுக்குத் திருகும் அளவுக்குப் பின்னால்; அங்கே லென்ஸ் ஓரத்து ஆளை இழுக்காது.

பின்னால் போக என்ன தடை என்று திரும்பிப் பார்த்தேன். மேடைக்கு முன்னால் பெரிய சோபாக்கள். அதில் சம்பந்திமார். எந்தப் போட்டோக்காரனும் எழுப்பத் துணியாதவர்கள்.

வீட்டுக்காரர் அடுத்த ரயிலில் வந்து சேர்ந்தார். லென்ஸ் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சுவிட்டு, “சார், இதையே எடுத்துக்கலாமுங்களா?” என்றார். “அவங்ககிட்டக் கேளுங்க,” என்றார் வீட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தைக்காகத் திருப்பூரை மன்னித்தேன். இருபத்துநான்கு இல்லாத லென்சை அதற்காகவே வாங்கினேன். இருந்தால், இடம் நெருக்கும்போது கை தானாக அங்கே போகும்.

கல்யாணத்தன்று மாமன் சீரெல்லாம் குறைவில்லாமல் செய்தார். தாலி கட்டியதும் குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டேன். மாமன் மேடைப் படிக்குக் கீழே, தூணோடு தூணாக நின்றுகொண்டார். சரசக்கா மேலேயிருந்து, “அண்ணா, நடுவுல வந்து நில்லு வா” என்றார்.

“நீங்கெல்லாம் நில்லுங்க. எனக்கென்ன.”

நடுவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார் என்று எனக்கு இப்போது தெரியும். கிட்டே போய்ச் சொன்னேன்: “மாமா, போட்டோவுக்கு இல்லீங்க. அந்த ஓரத்துல வரிசை கலைஞ்சு கலைஞ்சு போகுது. நீங்க கடைசில நின்னு கொஞ்சம் அணைச்சுப் புடிச்சீங்கன்னா உபகாரமா இருக்கும்.”

நடு என்றால் மறுப்பார்கள். உபகாரம் என்றால் மறுக்கத் தெரியாது. மாமன் வேட்டியை மடித்துக்கொண்டு மேலேறி, கடைசியில் போய் நின்றார்.

பிறகு சோபாவுக்கு வந்து, சம்பந்திமார் முன்னால் கை கூப்பி, “நின்னு நின்னு காலெல்லாம் கடுக்குதுங்க” என்று மட்டும் சொன்னேன். அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். “உக்காருங்க அம்மிணி”, “இங்க உக்காருங்க”, “அட இதுல உக்காருங்க”. காலியான சோபாக்களை வீட்டுக்காரர் ஒரே இழுப்பில் ஓரம் கட்டினார். நான் உட்காரவில்லை. பின்னால், இன்னும் பின்னால் போய், ஐம்பதுக்குத் திருகினேன்.

மேடையில் வழக்கமான வேலை தொடங்கியிருந்தது. நடுவில் நின்ற சரசக்கா, மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு இடம் விட்டார். பிறகு அத்தைக்கு. பிறகு யாரோ ஒரு டீச்சருக்கு. “நீங்க நில்லுங்க, நீங்க நில்லுங்க” என்று நகர்ந்து நகர்ந்து, மணப்பெண்ணின் தாய் கடைசி ஆளின் தோளில் போய் முட்டினார். திரும்பிப் பார்த்தால் அண்ணன். இரண்டு பேருக்கும் அதற்குமேல் நகர மேடை இல்லை.

எடுத்துவிட்டேன்.

மாமன் இறங்கி நேராக என்னிடம் வந்து கேமராவை நீட்டச் சொன்னார். பெரிதாக்கிக் காட்டினேன். இழுப்பு இல்லை, நீட்டல் இல்லை. கண்ணால் பார்க்கிற மாதிரியே இருந்தார். அதுதான் வம்பு. பார்க்கிற மாதிரியே வயிறும் இருந்தது.

“இப்பவும் குண்டாத்தானுங்களே இருக்கறேன்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமாங்க மாமா.”

அவர் படத்தை மறுபடி பார்த்தார். பக்கத்தில் ஒட்டி நின்ற தங்கையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “நிக்கறதெல்லாம் செரி. கம்ப்யூட்டர்ல வவுத்த மட்டும் ஒரு சுத்து கொறைக்க முடியாதுங்களா?” என்றார்.

பின்னாலேயே வந்து நின்ற சரசக்கா காதில் அது விழுந்துவிட்டது.

“ஒண்ணும் கொறைக்கக்கூடாது தனம்,” என்றார், சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. “எங்கண்ணன் எனக்கு முழுசா வேணும்.”